முதல் விந்துப் பரிசோதனை: கப்பை வாங்குவதற்கு முன்பும் ரிப்போர்ட் கைக்கு வந்த பின்பும்

கல்யாணமாகி ஒரு வருடம் தாண்டினால் ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்கிற எல்லோருடைய கண்ணும் பெண்ணின் வயிற்றில்தான் போய் நிற்கும். ஹார்மோன் டெஸ்ட், மாதம் நாலைந்து முறை ஸ்கேன், வலியோடு எடுக்கிற கருக்குழாய் எக்ஸ்ரே என்று மனைவி எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் கணவன் கையில் ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கொடுப்பார்கள். இந்த வரிசையே தலைகீழ். குழந்தை தாமதமாகிற தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, மயக்கம் கிடையாது, செலவும் குறைவு. முதலில் முடிக்க வேண்டியது இதைத்தான்.

ஒன்றை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்மை என்று ஊர் சொல்வது விறைப்பையும் உறவையும். விந்தணு எண்ணிக்கை அதிலிருந்து வேறு. உறவில் எந்தக் குறையும் இல்லாதவருக்கு விந்தணு பூஜ்யமாக இருக்கலாம். விறைப்பில் சிரமப்படுகிறவருக்கு எண்ணிக்கை அமோகமாக இருக்கலாம். இந்த டெஸ்ட் அளப்பது விந்தணுவை மட்டும்.

1. இப்போது போகலாமா, பொறுக்கலாமா?

கருத்தடை எதுவும் இல்லாமல், வாரம் இரண்டு மூன்று முறை உறவு இருந்தும் ஒரு வருடம் ஆகிவிட்டது என்றால் போகலாம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும்.

வருடக் கணக்கு பார்க்காமல் உடனே போக வேண்டியவர்களும் உண்டு: சின்ன வயதில் விரை இறங்காமல் ஆபரேஷன் செய்தவர்கள், வயதுக்கு வந்த பிறகு பொன்னுக்குவீங்கி வந்து விரையும் வீங்கியவர்கள், விரை முறுக்கிக்கொண்டு அவசர ஆபரேஷன் ஆனவர்கள், குடலிறக்க ஆபரேஷன் செய்தவர்கள், புற்றுநோய்க்கு கீமோ எடுத்தவர்கள்.

‘ஒரு வருடம்’ என்று எண்ணும்போது நாட்கணக்கையும் சரிபாருங்கள். ‘பதினாலாம் நாள்’ என்று பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அது 28 நாள் சுழற்சிக்கு மட்டும் பொருந்தும். சினைமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு; 35 நாளுக்கு ஒருமுறை வருகிற பெண்ணுக்கு அது இருபத்தோராம் நாளை ஒட்டி வரும். முட்டை உயிரோடு இருப்பது ஒரு நாள்தான், விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். அதனால் முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கணக்கில் வரும். இந்த ஆறு நாளும் தவறிப்போன மாதங்களை அந்த ஒரு வருடத்தில் சேர்க்காதீர்கள்.

2. உங்கள் உடம்பை முதலில் நீங்களே தொட்டுப் பாருங்கள்

மருத்துவர் கேட்கிற பாதிக் கேள்விகளுக்கு இந்த ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். வெந்நீரில் குளித்த பிறகு விரைப்பை தளர்ந்திருக்கும். அப்போது நின்றபடி பாருங்கள்.

இரண்டு விரையும் பைக்குள் இருக்கின்றனவா? கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெதுவாக உருட்டினால், தோலுரித்த அவித்த முட்டை மாதிரி வழுவழுப்பாக, சற்று உறுதியாக இருக்க வேண்டும். நீளம் நாலு சென்டிமீட்டருக்கு மேல் இருப்பது வழக்கம். இரண்டுமே அரைநெல்லிக்காய் அளவுதான் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெரும்பாலோருக்கு இடது விரை சற்றுத் தாழ்ந்து தொங்கும். அது குறை இல்லை. விரையின் பின்பக்கம் மெத்தென்று ஒரு மடிப்பு தட்டுப்படும். விந்தணு முதிர்கிற குழாய்ச் சுருள் அது, கட்டி என்று பயப்பட வேண்டாம். அங்கிருந்து மேலே போகிற உறுதியான கயிறு விந்துக்குழாய். ஏதாவது ஒரு பக்கம் அந்தக் கயிறே தட்டுப்படவில்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

விரைக்கு மேலே, அதிகமும் இடது பக்கம், மண்புழுக்கள் சுருண்டு கிடப்பது போல ரத்தக்குழாய்கள் தட்டுப்படுகின்றனவா? நின்று முக்கினால் புடைத்து, படுத்தால் அடங்கிவிட்டால் அது வெரிகோசீலாக (விரையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் குழாய்களின் வீக்கம்) இருக்கலாம். நூறு ஆண்களில் பதினைந்து பேருக்கு இது உண்டு, அவர்களில் நிறையப் பேர் அப்பாவாகியும் இருக்கிறார்கள். எனவே தட்டுப்பட்டதுமே முடிவு கட்ட வேண்டாம்.

குழந்தை விஷயத்தோடு சம்பந்தமில்லாத இரண்டு எச்சரிக்கைகள். விரையிலேயே வலியில்லாத கல் மாதிரிக் கட்டி இருந்தால் அந்த வாரமே யூராலஜிஸ்டை (சிறுநீர்ப்பாதை, ஆண் உறுப்பு மருத்துவர்) பாருங்கள். இளம் வயது ஆண்களுக்கு வருகிற விரைப் புற்றுநோய் இப்படித்தான் ஆரம்பிக்கும், சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. முறுக்கிய விரையைக் காப்பாற்ற ஆறு மணி நேரம்தான் கையில் இருக்கும்.

3. லேபைத் தேர்ந்தெடுப்பது

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். சர்க்கரை, கொழுப்பு பார்க்கிற தெருமுனை லேபிலும் இந்த டெஸ்ட் பட்டியலில் இருக்கும். காலையில் வாங்கிய மாதிரியை மதியம் வேறு கிளைக்கு அனுப்பி எண்ணுவார்கள். அதற்குள் அசைவு பாதி போயிருக்கும். ரிப்போர்ட்டில் ‘அசைவு 10 சதவீதம்’ என்று பார்த்துவிட்டு ஒரு குடும்பமே தூக்கமில்லாமல் கிடக்கும்.

போனில் மூன்று கேள்வி கேளுங்கள்:

- மாதிரி கொடுக்க உள்ளே தாழ்ப்பாள் போட்ட தனி அறை இருக்கிறதா?
- கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பீர்களா?
- ரிப்போர்ட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் விந்துப் பரிசோதனைக் கையேட்டில் எந்தப் பதிப்பு அளவுகளைப் போடுகிறீர்கள்? (ஐந்தாவது அல்லது ஆறாவது என்ற பதில் வர வேண்டும்.)

மூன்றாவது கேள்விக்கு எதிர்முனை திணறினால் வேறு லேபைப் பாருங்கள். கருத்தரிப்பு மையங்களை ஒட்டிய ஆண்ட்ராலஜி (ஆண் இனப்பெருக்க மருத்துவம்) லேப்கள் பொதுவாக இதில் தேறியவை. அங்கே டெஸ்ட் எடுத்ததாலேயே அவர்களிடமே சிகிச்சை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

செலவு: தனியார் லேபில் சில நூறு ரூபாயில் தொடங்கும், பெரிய மையங்களில் ஆயிரத்தைத் தாண்டலாம். முதல் முறையிலேயே ‘டி.என்.ஏ. சிதைவு டெஸ்ட்டும் சேர்த்து பேக்கேஜ்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். விந்தணுவின் மரபுப்பொருள் எவ்வளவு உடைந்திருக்கிறது என்று பார்க்கிற டெஸ்ட் அது, சில ஆயிரம் ரூபாய். தொடர்ந்து கரு கலைகிறவர்களுக்கு மருத்துவர் எழுதித் தருவது, முதல் படி இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு போட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் காசில்லாமல் முடிக்கலாம். காலையிலேயே போக வேண்டும், மாதிரி வாங்குகிற நாளை முன்பே கேட்டு வர வேண்டும். தனியார் மருத்துவக் காப்பீட்டை நம்பிப் போகாதீர்கள். மலட்டுத்தன்மை சிகிச்சை பெரும்பாலான பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

4. நாள் குறிப்பது

கடைசியாக விந்து வெளியேறி இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மூன்று அல்லது நாலு நாள் வசதி. உறவு, கைப்பழக்கம், தூக்கத்தில் வெளியேறியது எல்லாமே கணக்கில் சேரும். ‘சேர்த்து வைத்தால் கவுண்ட் ஏறும்’ என்று பதினைந்து நாள் விரதம் இருப்பவர்கள் உண்டு. எண்ணிக்கை கொஞ்சம் ஏறும்; கூடவே செத்த அணுக்களும் ஏறும், அசைவு விழும். இரண்டாவது டெஸ்ட் எடுக்கும்போதும் அதே இடைவெளியை வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிட முடியாது.

அடுத்து காய்ச்சல். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும், முதிர்ந்து வெளியே வர மேலும் ஒன்றிரண்டு வாரம். ஆக, இன்று கப்பில் விழுவது கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு முன் தயாராகத் தொடங்கியது. போன மாதம் டெங்குவில் படுத்திருந்தால் அந்தச் சேதம் இந்த ரிப்போர்ட்டில் தெரியும். கடும் காய்ச்சலுக்குப் பிறகு மூன்று மாதம் பொறுத்துப் போவது நல்லது. பொறுக்க முடியாவிட்டால் ரிப்போர்ட்டிலேயே அதைக் குறிக்கச் சொல்லுங்கள்.

மருந்துகளில் மிகப் பெரிய பொறி டெஸ்டோஸ்டீரோன். ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடுகிற ஊசி, ‘ஆண்மைக்கு’ என்று எழுதப்படுகிற ஹார்மோன் ஊசி, ஜெல் எல்லாம் இதில் அடங்கும். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால் மூளை ‘போதும்’ என்று விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். உற்பத்தி படுத்துவிடும், சிலருக்குப் பூஜ்யமே ஆகும். நிறுத்திய பிறகு திரும்பிவரப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். குழந்தை வேண்டும் என்கிறவருக்கு டெஸ்டோஸ்டீரோன் எழுதிக் கொடுக்கப்பட்டால் அந்தச் சீட்டோடு இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். முடி உதிர்வுக்கான பினாஸ்டரைடு, குடல் அழற்சிக்கான சல்பாசலசின் போன்றவையும் எண்ணிக்கையைப் பாதிக்கலாம். எதையும் நீங்களாக நிறுத்தாமல் பட்டியல் எழுதிக் கொண்டுபோங்கள்.

5. கையில் இருக்க வேண்டியவை

மருத்துவரின் சீட்டு. ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை. மனைவி ஏற்கெனவே ஒரு மையத்தில் பதிந்திருந்தால் அவருடைய பெயரும் பைல் எண்ணும். பழைய ரிப்போர்ட், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் அவற்றின் நகல். மருந்துப் பட்டியல்.

கப்பின் மேல் உங்கள் பெயர், வயது, பைல் எண், எத்தனை நாள் இடைவெளி, மாதிரி எடுத்த நேரம் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். மூடியில் மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், மூடி மாறும். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள் என்றால் எண்ணை நீங்களே எழுதிக் கொடுங்கள். அப்பாவின் எண்ணைப் பதிந்துவிட்டு அவதிப்படாதீர்கள்.

6. மாதிரி எடுப்பது

சிறுநீர் கழித்துவிடுங்கள். கையையும் உறுப்பையும் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு போக அலசி, நன்றாகத் துடையுங்கள். லேப் கொடுத்த அகல வாய் கப்பில்தான் எடுக்க வேண்டும், வீட்டு டப்பா ஆகாது.

கைப்பழக்கம் மூலம் எடுப்பதுதான் முறை. தேங்காய் எண்ணெய், எச்சில், சோப்பு, கடையில் விற்கிற ஜெல் எதுவும் படக் கூடாது. எல்லாமே விந்தணுவின் அசைவைக் கெடுக்கும். சாதாரண ஆணுறையில் எடுத்துக் கொடுப்பதும் வீண். உறவின் நடுவில் வெளியே எடுத்துக் கப்பில் பிடிப்பதும் கூடாது, முதல் துளிகள் தவறிவிடும்.

அந்த முதல் துளிகள்தான் முக்கியம். விந்தணுக்களில் பெரும்பகுதி ஆரம்பத்தில் வெளிவருவதில்தான் இருக்கும். பின்னால் வருவது பெரும்பாலும் திரவம். கொஞ்சம் வெளியே சிந்தினால் வெட்கப்பட்டு மறைக்காமல் ‘முதலில் சிந்தியது’ அல்லது ‘கடைசியில் சிந்தியது’ என்று டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். முதல் பகுதி போய்விட்டால் அந்த மாதிரியை வைத்து டெஸ்ட் செய்வதில் பயனில்லை, இன்னொரு நாள் வாருங்கள்.

வராமலே போனால்? அறிமுகமில்லாத அறை, வெளியே நாலு பேர் காத்திருப்பு, கடிகாரம் என்று எல்லாம் சேர்ந்து பலருக்கும் நடப்பதுதான். மனைவி உடன் வர அனுமதிக்கிற மையங்கள் உண்டு, கேளுங்கள். விந்தணுவைப் பாதிக்காத தனி ஆணுறை சில மையங்களில் தருவார்கள். இல்லையென்றால் வீட்டில் எடுத்து வரலாம்: அரை மணி நேரத்தில், அதிகபட்சம் ஒரு மணி நேரத்தில் லேபில் சேர வேண்டும். கப்பைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பைக் பெட்டி, காரின் ஏ.சி. வாய், பிரிட்ஜ், வெயில் படுகிற டேஷ்போர்டு எதுவும் வேண்டாம்.

7. ரிப்போர்ட்டை வாசிப்பது

உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட கையேட்டின் ஆறாவது பதிப்பு தருகிற கீழ் எல்லைகள் இவை:

- அளவு: 1.4 மில்லி
- ஒரு மில்லியில் எண்ணிக்கை: 16 மில்லியன், அதாவது 1 கோடியே 60 லட்சம்
- மொத்த எண்ணிக்கை: 39 மில்லியன்
- மொத்த அசைவு: 42 சதவீதம்
- முன்னோக்கி நீந்துபவை: 30 சதவீதம்
- உயிருள்ளவை: 54 சதவீதம்
- இயல்பான வடிவம்: 4 சதவீதம்

கடைசி வரியில்தான் பலர் இடிந்துபோகிறார்கள். ‘96 சதவீதம் அப்நார்மல்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வடிவத்தைப் பார்க்கிற அளவுகோல் மிகக் கறாரானது. நாலு சதவீதம் சரியாக இருந்தாலே தேர்ச்சி.

இந்த எண்கள் வந்த விதம் தெரிந்தால் பதற்றம் குறையும். ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களை எடுத்து அளந்தார்கள். அவர்களில் கடைசி ஐந்து சதவீதம் பேர் எந்த எண்ணுக்குக் கீழே இருந்தார்களோ, அதுதான் எல்லை. அந்த ஐந்து சதவீதம் பேரும் அப்பாவானவர்கள்தான். எல்லைக்குக் கீழே என்றால் வாய்ப்பு குறைவு, தாமதமாகலாம் என்று அர்த்தம், முடியாது என்றில்லை. மேலே இருந்தால் உத்தரவாதமும் இல்லை.

சில லேப்களின் தாளில் இன்னும் ‘நார்மல்: 60 மில்லியனுக்கு மேல்’ என்று பழைய அச்சு ஓடுகிறது. அதை வைத்து 40 மில்லியன் உள்ளவரைக் குறை உள்ளவர் என்று சொல்லிவிடுவார்கள். ‘நார்மல்’ அளவு அச்சிட்டிருக்கிற வலது பக்கக் கட்டத்தை விட்டுவிட்டு மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். மில்லிக் கணக்கையும் தனியாகப் பார்க்காதீர்கள், அளவோடு பெருக்குங்கள். 1 மில்லியில் 40 மில்லியன் உள்ளவருக்கு மொத்தம் 40. ஒரு மில்லிக்கு 12 மில்லியன் வீதம் 4 மில்லி கொடுத்தவருக்கு மொத்தம் 48.

அளவு குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிந்தியதையும் போதாத இடைவெளியையும். அவை இல்லை என்றால், நீண்டகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போவது உண்டு. அதற்கு, விந்து வெளியேறிய உடனே சிறுநீர் எடுத்துப் பார்ப்பார்கள். அளவும் குறைந்து, பிரக்டோஸும் (விந்தில் இயல்பாக இருக்கிற ஒரு சர்க்கரை) இல்லாமல், அணுவும் இல்லை என்றால் பாதையில் அடைப்பு இருக்கலாம் அல்லது விந்துக்குழாயே பிறவியில் இல்லாதிருக்கலாம். இரண்டாம் படியில் கயிறு தட்டுப்படுகிறதா என்று பார்த்தீர்களே, அது இங்கே உதவும்.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். ‘ஒலிகோ’ என்றால் எண்ணிக்கை குறைவு, ‘அஸ்தீனோ’ அசைவு குறைவு, ‘டெரட்டோ’ வடிவக் குறை. ‘அசூஸ்பெர்மியா’ என்றால் ஒரு அணுவும் காணப்படவில்லை. இதை மட்டும் ஒரே ஒரு மாதிரியை வைத்து நம்பாதீர்கள். மாதிரியைச் சுழற்றி அடியில் படிந்ததைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அப்படி இரண்டு முறை பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

கொடுத்த பிறகு விந்து நீராக இளகுவது இயல்பு. சில நிமிடங்களிலேயே தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் இளகியாக வேண்டும். ‘தண்ணியா போச்சு’ என்று இதைச் சொல்லித்தான் லாட்ஜ் வைத்தியர்கள் பிழைக்கிறார்கள்.

8. ரிப்போர்ட் சரியில்லை என்றால்

முதல் வேலை இரண்டாவது டெஸ்ட். குறைந்தது ஒரு மாதம் கழித்து, முடிந்தால் மூன்று மாதம் கழித்து, அதே லேபில். ஒரே ஆணின் எண்ணிக்கை நாளுக்கு நாள் பல மடங்கு ஏறி இறங்கும். ஒற்றை ரிப்போர்ட்டைக் காட்டி ‘நேராக டெஸ்ட் டியூப் பேபிதான்’ என்று சொல்லப்பட்டால், மனைவியின் வயது நெருக்காத வரை, அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

இரண்டும் மோசமாக வந்தால் யூராலஜிஸ்ட் அல்லது ஆண்ட்ராலஜிஸ்டிடம் போங்கள். கையால் பரிசோதிக்காமலே மருந்து எழுதுகிறவர் உங்களுக்கு வேண்டாம். எண்ணிக்கை மிகக் குறைவு அல்லது பூஜ்யம் என்றால் எஃப்.எஸ்.எச்., எல்.எச். (விரையை இயக்க மூளையடிச் சுரப்பி அனுப்புகிற ஹார்மோன்கள்), டெஸ்டோஸ்டீரோன் ரத்தப் பரிசோதனை; அதற்கு மேல் தேவைப்பட்டால் குரோமோசோம் பரிசோதனை. எஃப்.எஸ்.எச். எகிறி, விரையும் சிறுத்திருந்தால் குறை உற்பத்தியில்; எஃப்.எஸ்.எச். இயல்பாக, விரையும் இயல்பான அளவில் இருந்து அணு இல்லையென்றால் அடைப்பைத் தேடுவார்கள். கையில் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிகிற வெரிகோசீலுக்கு ஆபரேஷன் என்றால் இன்னொருவரிடமும் கேளுங்கள்; தட்டுப்படுகிற வெரிகோசீலும் மோசமான ரிப்போர்ட்டும் சேர்ந்தால்தான் ஆபரேஷன் பேச்சு.

நீங்கள் செய்யக்கூடியவை: சிகரெட், புகையிலை, குட்காவை நிறுத்துவது, குடியைக் குறைப்பது, தொப்பையை இறக்குவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. விரை உடம்பு வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் வேலை செய்யும்; அடுப்படி, உலை முன்னால் நாள் முழுக்க நிற்கிறவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். பத்தாம் நாள் போய் மறுபடி எண்ணச் சொல்வது காசைக் கரைப்பது.

‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்று சொல்லி, கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்ததென்று மூவாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் லேகியம் தருகிறவர்கள் இந்த இடத்தில்தான் உள்ளே வருவார்கள். கைப்பழக்கத்தால் விந்தணு தீர்வதில்லை, விரை தினமும் கோடிக்கணக்கில் செய்துகொண்டே இருக்கிறது. பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸே அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லிவிடும். பெயர் தெரியாத பஸ்பங்களில் பாதரசமும் ஈயமும் இருந்தால் சிறுநீரகம் போகும். ஈயம் விந்தணுவையும் கெடுக்கும்.

9. லீவில் ஊருக்கு வருகிறவர்களுக்கு

துபாயிலிருந்தோ சவுதியிலிருந்தோ 40 நாள் லீவில் வருகிறவர்களுக்குத்தான் இந்த வரிசை மிகவும் குழம்பும். வந்த மறுநாளே டெஸ்டுக்கு ஓடாதீர்கள். மாதக்கணக்கில் தேங்கியதைத்தான் எண்ணுவார்கள். முதல் மாதிரியை ஐந்தாம் ஆறாம் நாளில், நடுவில் மூன்று நாள் இடைவெளி விட்டுக் கொடுங்கள். அந்த இடைவெளி மனைவிக்குக் கரு தங்கக்கூடிய அந்த ஆறு நாளில் விழுந்தால் டெஸ்டைத் தள்ளிப்போடுங்கள், உறவைத் தள்ளிப்போடாதீர்கள். சரியில்லை என்றால் இரண்டாவது மாதிரியை முப்பத்தைந்தாம் நாளை ஒட்டி, அதே லேபில், அதே இடைவெளியோடு. விமானம் ஏறும் முன் இரண்டு ரிப்போர்ட்டின் அசலையும் மருத்துவர் எழுதிய சீட்டையும் மனைவியின் பைலில் வைத்துவிட்டு, போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது டெஸ்ட் தேவைப்பட்டால் அங்கேயே எடுத்து, மூன்றையும் ஒன்றாக அனுப்பலாம்.